பத்தடி முன்னால்

ஜூலை 28

இன்று குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுத்தாயிற்று. நானும் கோகிலவாணியும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டோம். இருவரும் மனமொத்துப் பிரிவதாக அதில் எழுதியிருக்கிறது. ஒரு வருஷமாகத் தனித்தனியாக இருப்பதாகவும் வக்கீல் சேர்த்துக்கொண்டார், சட்டத்துக்கு அப்படி வேண்டுமாம். இனி ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம். அதன் பிறகு மறுபடி கூப்பிட்டு, மனசு மாறவில்லையே என்று கேட்பார்கள். இரண்டு பேரும் மாறவில்லை என்றால் பதினாலு வருஷக் கல்யாணம் முடிந்தது. ஒருவர் மாறிவிட்டாலும் மனு நிற்காது என்று வக்கீல் சொன்னார்.

அங்கே ஒரு கவுன்சலர் அம்மா தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன காரணம் என்று கேட்டார். அவளைக் கேளுங்கள் என்றேன்.

"அவங்க சொல்லிட்டாங்க. நீங்க எப்பவும் பத்தடி முன்னாலயே நடக்கறீங்களாம். பதினாலு வருசமா உங்க சட்டை முதுகத்தான் பாத்துட்டு வந்தாங்களாம்."

சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நாற்பத்தேழு வயது எனக்கு. பம்ப் கம்பெனியில் தர ஆய்வாளன். நான் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மோட்டார் வெளியே போகும். இப்படிப்பட்ட ஒருவனை நடை வேகத்துக்காகக் கோர்ட்டில் உட்கார வைத்துவிட்டாள்.

"உங்களுக்குப் பேச வராதாட்ட இருக்குது. பேச வரலீன்னா தேதி போட்டு எழுதுங்க" என்றார் கவுன்சலர் அம்மா. அதனால்தான் இந்த நோட்டு. வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 30

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாராவது கேட்டால் இருக்கட்டும்.

எங்கள் பக்கம் ஆண்கள் முன்னால் நடப்பதும் பெண்கள் பின்னால் வருவதும் புதிதா என்ன? எங்கள் அப்பா அப்படித்தான் நடந்தார். முன்னால் போகிறவன் வழி பார்க்கிறான். முள் கிடந்தால் அவன் காலில்தான் முதலில் குத்தும். இதை நான் அவளிடம் விளக்கிச் சொன்னதில்லை. இதையெல்லாம் போய் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மே மாதம் சூலூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் வேகமாகப் போய்ப் பின்வாசலில் ஏறினேன். அவள் முன்வாசலில் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தானே ஏறுகிறோம். கூட்டத்தில் முன்பக்கம் தெரியவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, எனவே எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கினேன். காந்திபுரத்தில் இறங்கி, விறுவிறுவென்று நடந்து, பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி கொண்டா" என்றேன். அப்போதுதான் பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தது.

மண்டப வாசலில் கல் தடுக்கி அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டிருக்கிறது. "ஏனுங்க, ஏனுங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. என் ஃபோனும் அவள் பையில்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். கால் வீங்கியிருந்தது. என் ஃபோனை எடுத்து மேசையில் வைத்தாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அன்றோடு போயிருக்கும். அவள் திட்டவில்லை.

எட்டாம் நாள் சிங்காநல்லூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வீக்கம் வடிந்ததும் வருவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து மச்சான் வந்து, "கோகிலா இப்பிடிக் கேக்கறா மாப்ளே" என்றார். அவளுக்கு அதுதான் வேண்டுமென்றால் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீம்புதான். கெஞ்சச் சொல்கிறார்களா?

பிள்ளை இல்லாததுதான் காரணம் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது இல்லை. அதை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம். அதில் மட்டும் சேர்ந்துதான் நடந்தோம்.

ஆகஸ்ட் 17

இட்லிக்கு ஆட்டினேன். உளுந்தை எவ்வளவு நேரம் ஊறப்போடுவது என்று கேட்க ஃபோனை எடுத்தேன். வீடியோ ஆயிரம் இருக்கிறது, அவளை எதற்குக் கேட்பது என்று வைத்துவிட்டேன். இட்லி கல்லு மாதிரி வந்தது. ஆறு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14

மழை. துணி காயவில்லை.

செப்டம்பர் 15

இன்றும்.

அக்டோபர் 20

தீபாவளி. மச்சான் பலகாரம் கொண்டுவந்தார். நல்ல மனிதர். காபி போட்டுக் கொடுத்தேன், முழுதும் குடித்தார், அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். மழையைப் பற்றிப் பேசினோம். மேம்பால வேலையைப் பற்றிப் பேசினோம். அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போகும்போது படியில் நின்று, "நடக்கறா மாப்ளே. முன்ன மாதிரி வேகமில்ல" என்றார்.

யார் கேட்டார்கள்? நான் கேட்கவில்லை. முறுக்கு அவள் சுட்டதுதான். எள் அதிகமாகப் போட்டிருந்தாள், எனக்குப் பிடித்த மாதிரி. சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு ஒன்று.

நவம்பர் 23

சுகர் கூடியிருக்கிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலையில் குளக்கரைக்குப் போகிறேன். இன்று பொழுது போகாமல், சோடியாக வந்தவர்களை எண்ணினேன். மொத்தம் முப்பத்தொரு சோடி. ஆண் முன்னால் போனது பத்தொன்பது. பெண் முன்னால் போனது நாலு. ஒட்டுக்கா, பக்கத்தில் பக்கத்தில் நடந்தது எட்டு.

பத்தொன்பதுதான் அதிகம். அப்படியானால் அந்தப் பத்தொன்பது பேரும் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர்களா? கவுன்சலர் அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

ஒட்டுக்கா போன எட்டில் ஒரு சோடி எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே போனது. மூன்று சுற்றும் சிரித்தார்கள். அப்படி என்னதான் பேச்சோ.

நவம்பர் 26

மெதுவாக நடந்து பார்த்தேன். சும்மாதான். இரண்டாவது சுற்றில் கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. மெதுவாக நடப்பதும் ஒரு வேலைதான் போல.

டிசம்பர் 28

அவளிடமிருந்து செய்தி வந்தது. அவள் போன பிறகு வந்த முதல் செய்தி.

"நகர விழா நடைக்கு ரெண்டு பேர் பேர பதிஞ்சிருக்கேன். ஜனவரி 11. பகல் பூரா நடை, சாயங்காலம் குளத்துல ஒளிக்காட்சி. வர்றீங்களா?"

நாலு வருஷமாக இதற்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லைட்டுப் போட்டதைப் பார்க்க ஒரு நாள் பூராவும் தெருத்தெருவாக நடக்க வேண்டுமா என்று ஒவ்வொரு வருஷமும் மறுத்தேன். இந்த வருஷமும் பழக்கத்தில் இரண்டு பேர் என்று பதிந்திருப்பாள். பதிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டிருக்கிறாள், பாவம்.

பதில் எழுத நாற்பது நிமிஷம் ஆயிற்று. "சரி" என்று அனுப்பினேன்.

ஜனவரி 11

ரேஸ்கோர்ஸில் ஏழு மணிக்குக் கூடச் சொன்னார்கள். நான் ஆறேகாலுக்கே போய்விட்டேன். ஒரு தீர்மானத்தோடு போனேன். இன்று ஒரு அடிகூட அவளுக்கு முன்னால் வைப்பதில்லை.

மச்சான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். சுடிதாருக்குக் கேன்வாஸ் ஷூ. கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். "நேரத்துலயே வந்துட்டீங்களாட்ட" என்றாள். "ம்" என்றேன். வேறு என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன்.

அறுபது பேர் இருப்போம். மஞ்சள் கொடி பிடித்துக்கொண்டு ஒரு பெண் வழிகாட்டியாக முன்னால் போனாள். ரேஸ்கோர்ஸ் மரங்கள், ரயில் பாலம், டவுன்ஹால், மணிக்கூண்டு, ராஜவீதி என்று ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திக் கதை சொன்னாள். நான் கதையைக் கேட்கவில்லை. என் கவனமெல்லாம் இடைவெளியில் இருந்தது. கோகிலாவுக்கும் எனக்கும் நடுவில் சரியாகப் பத்தடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருபது வருஷம் அளவு பார்த்த கண், தப்பாது.

பின்னாலிருந்து பார்த்தால் ஒரு ஆளைப் பற்றி நிறையத் தெரிகிறது. கழுத்துக்கு மேலே முடி நரைத்திருக்கிறது. இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கிறாள், முன்பு அப்படி வைக்க மாட்டாள். ஜரிகைக் கடை, பாத்திரக் கடை, பூட்டிய கடை, எது வந்தாலும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறாள். இத்தனை வருஷமும் இப்படித்தான் நின்று பார்த்துக்கொண்டு வந்திருப்பாள். பிறகு என்னைப் பிடிக்க ஓடி வந்திருப்பாள். எனக்குத் தெரியாது.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்ட பின்னாலயே வர்றீங்க? வாங்க."

"நீ போ, நான் வர்றேன்."

கொஞ்ச தூரம் போய் நடையைக் குறைத்தாள். நானும் குறைத்தேன். இன்னும் குறைத்தாள். நானும்தான். நவம்பரில் பழகியது உதவியது. ராஜவீதியில் ஷூ கயிறு கட்டக் குனிந்தாள். கயிறு அவிழ்ந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் வெகுநேரம் கட்டினாள். நான் அவசரப்படுத்தாமல் பத்தடி தள்ளிப் பொறுமையாக நின்றேன். பழைய ஆளாக இருந்தால் இந்நேரம் உக்கடம் போய்ச் சேர்ந்திருப்பேன்.

கொடிப் பெண் அவளிடம், "அந்தண்ணன் உங்ககூட வந்தவருங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"ஆமா. என்ற ஊட்டுக்காரரு."

வாய்ப் பழக்கத்தில் வந்திருக்கும். ஆனாலும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறைக்க, ஒரு பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் ஒப்பணக்கார வீதியில் சாப்பாடு. எதிரெதிரே உட்கார்ந்தோம். என் இலையிலிருந்த ஜிலேபியை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள். "சுகர் எச்சாயிருச்சுன்னு அண்ணன் சொன்னாரு" என்றாள். தன் கூட்டைப் பாதி என் இலையில் போட்டாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். ஏழு மாதமாக நானே சமைத்துத் தின்று மறந்துபோன பசி இன்று இருந்தது. ரசம் இரண்டு தடவை வாங்கினேன்.

மூன்று மணிக்கு மேல் வெயிலில் அவளால் முடியவில்லை. உக்கடம் பக்கத்தில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முன்னால் போய்விட்டது. நான் அருகில் போனேன்.

"வலிக்குதா?"

"சூலூர்ல கேட்டிருக்கோணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"தப்புத்தான். அன்னிக்கு நான் திரும்பிப் பாத்திருக்கோணும். தப்புத்தான் கோகிலா."

இதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றித் துடைத்தாள். "சரி வாங்க, இருட்டறதுக்குள்ள எடம் புடிக்கலாம்" என்று எழுந்தாள். படி உயரமாக இருந்தது. கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். எழுந்த பிறகும் உடனே விடவில்லை. வலி அவ்வளவு இருந்திருக்கிறது.

குளக்கரைப் படிகளில் இடம் கிடைத்தது. நிறையக் குடும்பங்கள், பலூன், சோளக்கதிர், ஒரே தேர் நோம்பிக் கூட்டம். ஏழு மணிக்குக் கரை விளக்குகளை அணைத்தார்கள். குளத்துக்கு நடுவிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சித் திரை மாதிரி நிறுத்தினார்கள். அதன் மேல் வெளிச்சத்தில் படம் வந்தது. முதலில் மலை, மலையிலிருந்து நொய்யல் இறங்கி வந்தது. பிறகு பருத்திக் காடு, மில் புகைக்கூண்டு, ஷிப்ட் முடிந்து ஆயிரம் ஆட்கள் வெளியே வருவது. கடைசியில் ஒரு மயில், கரைக்குக் கரை தோகையை விரித்தது. பச்சையும் நீலமும் அவள் முகத்தில் அடித்து அடித்துப் போயின. லைட்டுப் போட்டதைப் பார்க்க நடக்க வேண்டுமா என்று நாலு வருஷம் கேட்டவன் நான். நடந்து வந்து உட்கார்ந்தால்தான் அது அப்படித் தெரியும் போல. ஆனால் மயிலை நான் அதிகம் பார்க்கவில்லை.

"எவ்வளவு நல்லாருக்குது. பாக்கறதுக்குள்ள போயிருதுங்க" என்றாள்.

"ம்."

"முப்பதாந் தேதி கோர்ட்டுல என்னங்க சொல்லப் போறீங்க?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். இதற்கு மட்டும் பதிலை நான் நன்றாக யோசித்து வைத்திருந்தேன். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேன். வீடு, வண்டி, எந்தக் கல்யாணத்துக்குப் போவது, எப்போது கிளம்புவது, எல்லாம். இதிலாவது அவள் விருப்பம் நடக்கட்டும்.

"நீ என்ன சொல்றயோ அதுதான் கோகிலா. நீ மொதல்ல சொல்லு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மயில் அணைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். என் பதில் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். சிங்காநல்லூர் பஸ், எனக்கு அதில் வேலை இல்லை. ஆனாலும் ஜன்னல் ஓரத்தில் அவள் உட்காரும்வரை நின்று பார்த்து, "ஏறிட்டயா?" என்று கீழிருந்து கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஜனவரி 12

எனக்கு அவள் வேண்டும்.

எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை. காலையில் எழுந்ததும் வலது கையை மோந்து பார்த்தேன், படியில் அவள் பிடித்த கை. நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு பைத்தியம். கம்பெனியில் நாலு மோட்டாரை இரண்டு தடவை சோதித்தேன், முதல் தடவை என்ன அளவு வந்தது என்று நினைவில்லை.

ஜனவரி 15

பொங்கல். பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று தனியாக எப்படிச் சொல்வது, அடுப்பை அணைத்துவிட்டேன்.

ஜனவரி 29

நாளைக்குப் பதினொரு மணிக்கு. வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்தேன்.

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "அம்மா, என் மனசு மாறிடுச்சுங்க. எனக்கு இவ வேணுங்க." நாலைந்து தடவை சொன்ன பிறகு குரல் ஓரளவு வந்தது. ஆனால் அவள் முதலில் பேச வேண்டும். அவள் வாயிலிருந்து "மாறிவிட்டது" என்று வந்தால் உடனே நானும் சொல்லிவிடுவேன். வராவிட்டால், அவளை மடக்கி வீட்டுக்கு இழுத்து வருவது பழைய மூர்க்கத்தனம். வாக்குக் கொடுத்திருக்கிறேன், குறுக்கே நிற்க மாட்டேன் என்று.

ஜனவரி 30

கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வக்கீல் சொல்லும் தேதிகளைக் குறிக்க இந்த நோட்டைக் கொண்டுவந்திருந்தேன்.

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆறு மாசம் ஆச்சு. நல்லா யோசிச்சீங்களா? ரெண்டு பேருக்கும் மனசு மாறலையே?"

நான் கோகிலா பக்கம் திரும்பி, நீ சொல்லு என்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை, டைப் அடிக்கிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார். நான் பொறுமையாக நின்றேன்.

"மாறலீங்கம்மா" என்றாள்.

"நீங்க?"

கண்ணாடி முன்னால் பழகியது எல்லாம் வார்த்தை மாறாமல் நினைவில் இருந்தது. "மாறலீங்க" என்றேன். என் குரல்தான். தெளிவாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு உத்தரவு என்றார்கள்.

வெளியே வந்ததும் வராந்தாத் தூணருகில் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"நீங்க மொதல்ல சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நீ முன்னால சொல்லோணும்னுதான் கோகிலா..."

"பதினாலு வருசம் எல்லாத்துலயும் முன்னால போனீங்க. நீங்க வந்து போகாதேன்னு நிறுத்துவீங்கன்னு காயிதத்துல கையெழுத்துப் போட்டவ நான். இதுல மட்டும் எதுக்குங்க பின்னால நின்னீங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. போய்விட்டாள். எதிரே வேப்பமரத்தடியில் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்திருக்கிறாள், திறக்கவில்லை.

வக்கீலைக் கேட்டேன். உத்தரவு போடும்வரை ஒருவர் வேண்டாம் என்று சொன்னாலும் போதுமாம். "அப்பிடி ஏதாவது உண்டுங்களா?" என்று கேட்டார். எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மணி ஒன்று நாற்பது. இந்தப் பெஞ்சுக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் நாற்பதடி இருக்கும், கூடினால் நாற்பத்திரண்டு. நடுவில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. கவுன்சலர் அம்மா சொன்னபடி எழுத வந்துவிட்டது, பக்கம் பக்கமாக எழுதுகிறேன். ஆனால் இதில் ஒரு வரிகூட அவள் காதில் விழவில்லை.

அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்கிறாள்.

போதும். போகிறேன்.